பரணில் வெந்த வெள்ளை ஒயின்

ராயபுரத்திலிருந்து:

சரக்குக் கப்பலில் சமையல்காரனாக இருபது வருடம் ஓட்டியவன் நான். ஸ்பெயினின் பில்பாவோ துறைமுகத்தில் ஒருமுறை பழுதுபார்க்க நான்கு நாள் நின்றோம். உடன் வேலை பார்த்த அந்த ஊர்க்காரன் ஒயினுக்குப் பேர்போன ரியோஹா பக்கம் ஆரோ என்ற ஊருக்கு இழுத்துப்போனான். பழைய ஒயின் சாலைகள் ரயில் நிலையத்தை ஒட்டியே நிற்கின்றன. பீப்பாயை உருட்டி ஏற்ற வசதி. 1856இல் திறந்த ராயபுரம் ஸ்டேஷனுக்குப் பக்கத்தில் வளர்ந்த எனக்கு அந்த இடம் அந்நியமாகப் படவில்லை.

1877இல் தொடங்கிய லோபெஸ் தே எரேதியா என்ற ஒயின் சாலையின் நிலவறைக்குள் போனோம். மேலே வெயில், கீழே சட்டைப் பொத்தானைப் போட்டுக்கொள்ள வைக்கும் குளிர். புட்டிகள்மேல் ஒட்டடை திரைபோலத் தொங்குகிறது. வேண்டுமென்றே விட்டுவைத்திருக்கிறார்கள். தக்கையைக் கெடுக்கும் அந்துப்பூச்சியைச் சிலந்தி தின்றுவிடுமாம். (இந்த நியாயத்தை வீட்டில் சொல்லிப்பார்த்தேன், எடுபடவில்லை.)

பத்து வருடம் தாண்டிய வெள்ளை ஒயினை ஊற்றினார்கள். வெள்ளையாவது! செக்கு நல்லெண்ணெய் நிறம். முதலில் வாசனையே இல்லை. கண்ணாடிக் கோப்பையைக் கையில் கொஞ்ச நேரம் வைத்திருந்த பிறகு வால்நட் பருப்பும் காய்ந்த கமலாத் தோலும் மெல்ல வந்தன. விழுங்கியபின் நாக்கோரத்தில் சுருக்கென்று ஒரு புளிப்பு. அதுதான் இத்தனை வருடம் அதைத் தாங்கிப்பிடித்தது என்றான் நண்பன். அதே வயதுச் சிவப்பு வேறு மாதிரி. இளசில் வாழைப்பூபோல வாயைப் பிடிக்கும் துவர்ப்பு, நாளாக ஆக வண்டலாகத் திரண்டு அடியில் தங்கிவிடுகிறது. ஓரத்தில் செங்கல் நிறம், வாயில் பட்டுபோல மென்மை.

சுங்கத்தில் இரண்டு லிட்டர் வரை விடுவார்கள். வெள்ளை ஒன்று, சிவப்பு ஒன்று வாங்கிவந்தேன். தக்கை காயாமல் இருக்கப் படுக்கவைக்க வேண்டும் என்று தெரியும். படுக்கவைத்தேன், மொட்டைமாடித் தளத்துக்கு நேர் கீழே இருக்கும் பரணில்! மகள் கல்யாணத்துக்கு வெள்ளையை இறக்கியபோது நான்கு கத்திரி கடந்திருந்தது. தக்கை அரை விரல் வெளியே வந்து, கழுத்தெல்லாம் பிசுபிசுப்பு. நிறம் மட்டும் ஆரோவில் பார்த்ததேதான். அதை நம்பிச் சம்பந்தி வீட்டாருக்கு ஊற்றினேன். வேகவைத்த ஆப்பிளும் பழைய பாகும் கலந்த மாதிரி இருந்தது. அவர்கள் நல்லவர்கள், குடித்துவிட்டார்கள்.

பெரம்பூரிலிருந்து:

அண்ணா, எங்கள் பக்கத்து வீட்டு ஆங்கிலோ இந்திய ஆன்ட்டி இதைக் கேட்டிருந்தால் சிரித்திருப்பார். கிறிஸ்துமஸுக்காகக் கம்பம் பன்னீர் திராட்சையை நசுக்கி, சர்க்கரை, ஈஸ்ட், ஒரு பிடி கோதுமை, பட்டை, கிராம்பு சேர்த்துப் பீங்கான் ஜாடியில் துணி கட்டிவைப்பார். இருபத்தொரு நாள், தினமும் மரக்கரண்டியால் ஒரு கிண்டு. கரண்டியைத் தொட எனக்கு அனுமதி இருந்தது, ருசி பார்க்க இல்லை. வடிகட்டியபின் முட்டை வெள்ளைக்கருவை அடித்து ஊற்றுவார், கலங்கல் அதோடு ஒட்டி அடியில் இறங்கிவிடும். தோலை நீக்கிச் சாற்றை மட்டும் வைத்தால் அதே கறுப்புத் திராட்சையில் வெளிர் ஒயின் கிடைக்கும் என்று அவர் காட்டியபோது நான் நம்பவில்லை. நிறமும் துவர்ப்பும் தோலில்தான் இருக்கின்றன. ஈஸ்டர் தாண்டி ஒரு புட்டியும் வைக்க மாட்டார். ‘இந்த ஊர்ச் சூட்டில் பழசு என்றால் காடி’ என்பார்.

வியாசர்பாடியிலிருந்து:

சிவப்பு ஒயினை அறை வெப்பநிலையில் பரிமாறு என்று புட்டியிலேயே போட்டிருந்தது. மே மாதம் என் அறை 34 டிகிரி. குடித்தால் சாராய நெடிதான் மூக்கில் ஏறியது. அவர்கள் சொல்லும் அறை ஐரோப்பிய அறை, 16 முதல் 18 டிகிரி. இப்போது அரை மணி நேரம் குளிர்சாதனப் பெட்டியில் வைத்தபின்தான் திறக்கிறேன். அதுசரி அண்ணா, அந்தச் சிவப்புப் புட்டி என்ன ஆயிற்று?

ராயபுரத்திலிருந்து:

இதைப் படித்துவிட்டு இன்று காலைதான் இறக்கினேன். அதிலும் தக்கை வெளியே வந்திருக்கிறது. ஞாயிற்றுக்கிழமை மாட்டுக்கறியில் ஊற்றப்போவதாக மனைவி சொல்லிவிட்டாள். பரணில் ஏறிய கையோடு ஒட்டடையும் அடிக்கவைத்துவிட்டாள்.