உதவித்தொகை மாதக் கடைசிவரை தாங்கவில்லை, என்ன செய்யலாம்?

முனைவர் பட்ட ஆய்வில் இரண்டாம் ஆண்டு. உதவித்தொகையில் பாதி வாடகைக்கே போய்விடுகிறது, மூன்றாவது வாரம் கையில் ஒன்றுமே மிஞ்சுவதில்லை. போன மாதம் லேப்டாப் சார்ஜர் பழுதாகி, புதிது வாங்க முடியாமல் ஒன்பது நாள் ஆய்வகக் கணினியில் இடம் கிடைக்கும்வரை காத்திருந்து எழுதினேன். வீட்டில் கேட்க மனசு வரவில்லை. ஆய்வு கெடாமல் கொஞ்சம் சம்பாதிக்க வழி சொல்லுங்கள்.

பதில் 1:
முதலில் உதவித்தொகை விதிகளைப் படியுங்கள். சிலவற்றில் வெளிவேலையே கூடாது, சிலவற்றில் வாரத்துக்கு இத்தனை மணி நேரம்தான் என்று இருக்கும். மாணவர் விசாவில் இருந்தால் இன்னும் கவனம், வரம்பை மீறினால் விசாவுக்கே ஆபத்து. அப்புறம் துறை அலுவலகத்தில் நேரில் போய்க் கேளுங்கள். தேர்வு அறை மேற்பார்வை, விடைத்தாள் திருத்தம், நூலக வேலை எல்லாம் பெரும்பாலும் கேட்டு வைத்தவர்களுக்குத்தான் கிடைக்கும்.

பதில் 2:
டியூஷன் நல்ல வழி. நான் வாரம் இரண்டு மாலை புள்ளியியல் சொல்லிக்கொடுத்தேன், ஆனால் பாடம் தயாரிக்கும் நேரத்தைக் கணக்கில் சேர்க்காமல் கட்டணம் சொல்லிவிட்டு ஆறு மாதம் அவதிப்பட்டேன். நீங்கள் சேர்த்தே சொல்லுங்கள். பிழைதிருத்தமும் செய்யலாம். அடுத்தவருக்கு ஆய்வேடு எழுதிக்கொடுப்பது மட்டும் வேண்டவே வேண்டாம்.

பதில் 3:
பல பல்கலைக்கழகங்களில் மாணவர் அவசர உதவி நிதி உண்டு, பெரும்பாலும் திருப்பித் தர வேண்டியதில்லை. சார்ஜர் மாதிரிச் செலவுக்குத் தயங்காமல் கேளுங்கள். மாநாட்டுக்குப் போவதென்றால் கைக்காசைப் போடாமல் முன்பணம் கேட்டு வாங்குங்கள்.

கேட்டவர்:
அவசர நிதி இருப்பதே தெரியாது. நாளைக் காலை அலுவலகம் திறந்ததும் போகிறேன், ரொம்ப நன்றி.