அரோமேட்டிக் சேர்மங்களைப் பூஞ்சை சிதைப்பதற்குத் தமிழில் என்ன பெயர்?

மொழிபெயர்ப்பாளர்:

அனைவருக்கும் வணக்கம். கல்லூரி மாணவர்களுக்கான நுண்ணுயிரியல் நூல் ஒன்றைத் தமிழாக்கி வருகிறேன். வெள்ளிக்கிழமைக்குள் ஓர் அத்தியாயம் போயாக வேண்டும், தலைப்பிலேயே நின்றுவிட்டேன். மரத்திலும் தண்டிலும் இருந்து அவற்றுக்கு உறுதி தரும் லிக்னின் என்ற பொருள், அதோடு சேர்ந்த வனிலின், ஃபெருலிக் அமிலம் முதலானவற்றைப் பூஞ்சைகள் எப்படி உடைத்துத் தின்கின்றன என்பதுதான் அத்தியாயம். 'தாவர நறுமணச் சேர்மங்களின் பூஞ்சைச் சிதைவு' என்று எழுதினேன். படிப்பவர் பூவின் மணம் பற்றிய பாடம் என்று எடுத்துக்கொள்வாரோ என்று பயமாக இருக்கிறது. கைகொடுங்கள்.

வேதியியல் ஆசிரியை:

உங்கள் பயம் சரிதான். நறுமணத்தை விட்டுவிடுங்கள். தொடக்கத்தில் அறியப்பட்ட சில சேர்மங்கள் மணத்தன, அதனால் மணத்தைக் குறிக்கும் 'அரோமேட்டிக்' என்ற பெயர் ஒட்டிக்கொண்டது. இன்று அது குறிப்பது மணத்தை அல்ல. வளையம் முழுவதும் எலக்ட்ரான்கள் பரவி நிற்பதால் வரும் நிலைப்புத் தன்மையை. லிக்னின் முழுக்க அந்த வளையங்கள்தாம், ஆனால் முகர்ந்தால் மணம் இல்லை. எலுமிச்சைத் தோலில் மணக்கும் லிமோனீனிலும் ஆறு கார்பன் வளையம் உண்டு, ஆனால் அது இந்த வகையில் சேராது. வகுப்பில் 'நறுமணச் சேர்மம்' என்று சொல்லி நடத்திய ஆண்டில், எடுத்துக்காட்டு கேட்டபோது பாதிப் பேர் லிமோனீனை எழுதினார்கள். அவர்களைக் குறை சொல்ல முடியாது, சொல் அப்படித்தான் இழுத்துப் போகிறது. வெறும் 'வளையச் சேர்மம்' என்றாலும் ஆகாது, அந்த நிலைப்பு இல்லாத வளையமான சைக்ளோஹெக்சேனும் உள்ளே வந்துவிடும். 'அரோமேட்டிக்' என்றே இருக்கட்டும்.

தமிழாசிரியர்:

அம்மா சொன்னதை ஏற்கிறேன், முடிவை ஏற்கவில்லை. மணம் வேரிலேயே இருக்கிறது. அரோமேட்டிக் சேர்மங்களுக்கெல்லாம் முன்மாதிரியான பென்சீன் என்ற பெயர் எங்கிருந்து வந்தது? அரபு வணிகர் ஒருவகைச் சாம்பிராணியை 'லுபான் ஜாவி' என்றார்கள், ஜாவாச் சாம்பிராணி என்று பொருள். முதலசை உதிர்ந்து ஐரோப்பிய வாயில் பென்சாயின் ஆயிற்று. அந்தப் பிசினிலிருந்து எடுத்தது பென்சாயிக் அமிலம். 1825இல் ஆங்கிலேய அறிவியலார் ஃபாரடே கண்டெடுத்த நீர்மத்தை 1833இல் ஜெர்மானிய வேதியியலார் மிட்ஷர்லிக் அந்த அமிலத்திலிருந்து வடித்துப் பெயரிட்டார். ஆக, சாம்பிராணியின் வழித்தோன்றலே பென்சீன். 'கமழ்' என்ற பகுதி நம்மிடம் இருக்கும்போது 'கமழ்மம்' என்று ஆக்கினால் என்ன? மாணவர் ஒருமுறை வரையறையைப் படித்தால் போதும்.

அடுத்து லிக்னின். இலத்தீனில் மரக்கட்டைக்குரிய சொல்லிலிருந்து வந்தது. நமக்கு அதைவிட நல்ல சொல் தொல்காப்பிய மரபியலிலேயே கிடக்கிறது: 'புறக்காழனவே புல்லென மொழிப, அகக்காழனவே மரமென மொழிப.' காழ் என்றால் வைரம், உறுதி. வைரம் பாய்ந்த கட்டை என்கிறோமே, அந்த வைரம். 'காழ்மம்' என்று வையுங்கள்.

பூஞ்சைக்கும் பழைய சொல் உண்டு: ஆம்பி. புறநானூறு 164இல், சமையலையே மறந்த அடுப்பில் 'ஆம்பி பூப்ப' என்று வறுமையைப் பாடுகிறார் பெருந்தலைச் சாத்தனார். சிறுபாணாற்றுப்படையில் 'காளாம்பி' வருகிறது. அதுவே தேய்ந்து காளான் ஆனது என்பது என் எண்ணம். 'கமழ்மங்களை ஆம்பி உளுப்பித்தல்.' உளுத்த மரம் என்பது எல்லார் வாயிலும் உள்ள வழக்கு.

ஆய்வு மாணவர்:

ஐயா, ஆம்பி கேட்க நன்றாக இருக்கிறது. ஆனால் பூப்பது வெளியே தெரியும் காளான் குடை மட்டும். இங்கே வேலை செய்வது மரத்துக்குள் ஓடும் நூலிழைகள், கண்ணுக்குத் தெரியாது. உளுத்தல் என்றால் புழு அரித்த மரம்தான் முதலில் நினைவுக்கு வரும்.

பெயருக்கு முன் இரண்டு கட்டைகளைக் கையில் எடுத்துப் பாருங்கள். ஒன்று வெளுத்து, ஈரப் பஞ்சு போல நார்நாராகப் பிரியும். இன்னொன்று பழுப்பாகி, கட்டம் கட்டமாக வெடித்து, விரலால் அழுத்தினால் தூளாகும். முதலாவது வெண்ணழுகல் பூஞ்சை வேலை, லிக்னினையே உடைத்துவிடுகிறது. இரண்டாவது பழுப்பழுகல், அது மரத்தின் நார்ப்பொருளான செல்லுலோசைத் தின்றுவிட்டு லிக்னினைக் கொஞ்சம் மாற்றிப் பெரும்பாலும் விட்டுவிடுகிறது. இரண்டையும் 'உளுத்தது' என்றால் அத்தியாயத்தின் உயிரே போய்விடும்.

இன்னொன்று, 'சிதைவு' தவறு. சிதைவு தானாக நடப்பது, தன்வினை. இங்கே பூஞ்சை சிதைக்கிறது. 'சிதைப்பு' என்று பிறவினையில் வர வேண்டும். அதுவும் இரண்டு கட்டமாக நடக்கிறது. லிக்னின் மூலக்கூறு இழைக்குள் நுழைய முடியாத அளவுக்குப் பெரியது. அதனால் பூஞ்சை பெராக்சிடேஸ், லாக்கேஸ் நொதிகளை வெளியே அனுப்புகிறது. லிக்னின் பெராக்சிடேஸ் வளையத்திலிருந்து ஓர் எலக்ட்ரானைப் பறிக்கும். அப்புறம் பிணைப்புகள் தாமாகவே அறும். கிடைக்கிற சிறு துண்டுகள் உள்ளே போன பிறகுதான் ஆக்சிஜனைக் கொண்டு வளையமே திறக்கப்படுகிறது. முதலாவதைச் 'சிதைப்பு' என்றும் பின்னதை 'வளையப் பிளப்பு' என்றும் பிரித்தால் மாணவருக்குப் படம் கிடைக்கும்.

வேதியியல் ஆசிரியை:

'வளையப் பிளப்பு' மிக நன்று, அதை அப்படியே எடுத்துக்கொள்ளுங்கள். கமழ்மம் மட்டும் வேண்டாம் ஐயா. வரையறையைப் படிக்கும் முன்பே சொல் மாணவர் காதில் மணந்துவிடுகிறது. நறுமணத்தில் பட்ட பாட்டையே இதிலும் படுவோம். சாம்பிராணி வரலாற்றை ஒரு பெட்டிச் செய்தியாகப் போடலாமே.

ஆய்வு மாணவர்:

காழ்மத்திலும் எனக்கு ஐயம். காழ் என்றால் நடுமரத்தின் வைரம். லிக்னின் வைரத்தில் மட்டுமா இருக்கிறது? வெளிமரத்திலும் இருக்கிறது, வைக்கோலிலும் இருக்கிறது.

மொழிபெயர்ப்பாளர்:

எல்லாருக்கும் நன்றி. நாளை அனுப்பியாக வேண்டும், ஆகவே எண்ணிப் பார்த்தேன். பெரும்பான்மைப்படி தலைப்பு: 'தாவர அரோமேட்டிக் சேர்மங்களின் பூஞ்சைவழிச் சிதைப்பு'. உள்ளே வெண்ணழுகல், பழுப்பழுகல், வளையப் பிளப்பு. லிக்னின் லிக்னினாகவே போகிறது. தமிழாசிரியர் ஐயா பொறுத்தருள வேண்டும். கமழ்மத்தில் எனக்கும் மனம் இருந்தது, லிமோனீன் கதையைக் கேட்டபின் துணிவு வரவில்லை. சாம்பிராணிப் பெட்டிச் செய்தி உறுதி.

தமிழாசிரியர்:

கமழ்மத்தை விட்டுக்கொடுக்கிறேன், ஆம்பியையும் விட்டுவிடுகிறேன். சிதைப்பு திருத்தம் அருமை, தம்பிக்கு என் பாராட்டு. காழ்மத்தை மட்டும் விட மாட்டேன். வைக்கோலிலும் லிக்னின் இருக்கிறது என்று தம்பி எதிர்வாதமாகச் சொன்னார். அந்த நூற்பாவை மறுபடி படியுங்கள். மரத்துக்கு மட்டுமல்ல, புல்லுக்கும் காழ் உண்டு என்றுதானே சொல்கிறது? புறக்காழ், அகக்காழ் இரண்டுக்கும் பொதுவாக நிற்பது எதுவோ அதற்குத்தான் பெயர் கேட்டேன். இந்த அத்தியாயம் போகட்டும். அடுத்ததில் லிக்னினும் செல்லுலோசும் பிணைந்த லிக்னோசெல்லுலோஸ் வரும் என்று நினைக்கிறேன், அப்போது திரும்ப எழுதுவேன்.