பங்குனியில் ஊட்டி: மலைப்பாதையில் குழந்தைகளுக்கு வாந்தி

கேள்வி: 4, 6 வயதில் இரண்டு பெண் குழந்தைகள். மேட்டுப்பாளையம் வழியாகக் காரில் ஊட்டி போறோம். வளைவு வந்தாலே வாந்தி. சாப்பாடு என்ன கட்டலாம்?

பதில் 1: மலை ஏற ஒன்றரை மணி நேரம் முன்னாடியே இட்லி கொடுத்துடுங்க, ஆளுக்கு 2 போதும். வெறும் வயிறும் குமட்டும். முக்கியமா போனைக் கொடுக்காதீங்க. கண் அசையாத திரையைப் பார்க்கும், உள்காது வளைவை உணரும். அந்த முரண்தான் தலைசுற்றல். ஜன்னலைத் திறந்து தூரத்து மலையைக் காட்டுங்க.

பதில் 2: மதியத்துக்குத் தயிர்சாதம். குழைந்த சோறு 2 கப், காய்ச்சி ஆறிய பால் 1 கப், தயிர் 1 ஸ்பூன்தான். முழுக்கத் தயிர் ஊற்றினால் புளிச்சிடும். சூட்டோடு மூடினாலும் அதே கதி.

பதில் 3: ஊட்டிக்குள் வண்டி நுழைய ஆன்லைன் அனுமதி, அதான் இ-பாஸ், எடுத்தாச்சா? தண்ணிக்கு ஸ்டீல் பாட்டில். நீலகிரியில் பிளாஸ்டிக் பாட்டிலுக்குத் தடை.