கடை மின்னஞ்சல் ஜிமெயிலில் இருந்து திரும்பி வருகிறது

கேள்வி:
திருநெல்வேலிச் சந்தையடியில் பனங்கட்டியும் ஒடியல் மாவும் விற்கும் எங்கள் கடைக்கு ஆள்களம் (இணையப் பெயர்) வாங்கி, பல தளங்கள் பகிரும் வழங்கியொன்றில் சீபனல் என்ற நிர்வாகப் பலகை வழியாக மின்னஞ்சல் திறந்தேன். கனடாவிலிருந்து வரும் ஓடர்கள் கிடைக்கின்றன. ஆனால் ஜிமெயில் முகவரிகளுக்கு நான் அனுப்பும் பதில்கள் 550-5.7.26 என்ற பிழையுடன் திரும்புகின்றன. கடவுச்சொல்லை மூன்று முறை மாற்றியும் பயனில்லை.

மறுமொழி 1:
கடவுச்சொல்லுக்கும் இதற்கும் தொடர்பில்லை, ஐயா. உள்வரும் அஞ்சலுக்கு எம்எக்ஸ் பதிவு (அஞ்சலை எந்த வழங்கியில் சேர்ப்பதென்று சொல்லும் வரி) போதும். வெளிச்செல்லும் அஞ்சல் உங்கள் ஆள்களத்தின் பெயரால்தான் வருகிறது என்பதை எஸ்பிஎஃப் (உங்கள் பெயரில் அனுப்ப அனுமதியுள்ள வழங்கிகளின் பட்டியல்) அல்லது டிகேஐஎம் (அஞ்சலில் இடப்படும் மின்னொப்பம்) உறுதிப்படுத்த வேண்டுமென 2024 பெப்ரவரி முதல் கூகிள் எல்லோரிடமும் எதிர்பார்க்கிறது. ஆள்களத்தின் பதிவுகள் இருக்கும் டிஎன்எஸ் பக்கத்தில் எத்தனை எஸ்பிஎஃப் வரிகள் உள்ளன?

கேட்டவர்:
இரண்டு உள்ளன. பழைய செய்திமடல் சேவைக்கு ஒன்று, வழங்கிக்கு ஒன்று. டிஎன்எஸ் ஆள்களம் வாங்கிய இடத்திலேயே இருக்கிறது.

மறுமொழி 2:
கோளாறு அங்கேதான். ஓர் ஆள்களத்துக்கு ஒரே எஸ்பிஎஃப் வரிதான் இருக்கலாம். இரண்டிருந்தால் இரண்டுமே செல்லாது. தேவையானவற்றை ஒரே வரியில் சேருங்கள், ஆனால் அந்த வரியைச் சரிபார்க்கத் தேவைப்படும் டிஎன்எஸ் தேடல்கள் 10 ஐத் தாண்டக்கூடாது. அத்துடன், டிஎன்எஸ் வெளியில் இருப்பதால் சீபனல் உருவாக்கிய டிகேஐஎம் திறவுகோல் தானாக அங்கே போயிராது; அந்த நீண்ட வரியை நீங்களே படியெடுத்து ஒட்ட வேண்டும். (நானும் ஒருமுறை கடைசி எழுத்தைத் தவறவிட்டு ஒரு முழு இரவைத் தொலைத்தேன்.)

கேட்டவர்:
செய்தேன். இன்று காலை ரொறன்ரோவிலிருந்து மச்சாள் பதில் அனுப்பினார்.