டெஸ்டோஸ்டிரோன் 240, எடை 98 கிலோ: ஊசி போடலாமா?

குன்னூர்வாசி:
வயது 33, உயரம் 170 செ.மீ. கல்யாணமாகி இரண்டு வருஷம், குழந்தை இல்லை. விந்தணு மில்லிக்கு 90 லட்சம், ஆண் ஹார்மோனான டெஸ்டோஸ்டிரோன் 240, எல்.எச். 2.8. எடைதான் காரணமா? ஜிம்மில் டெஸ்டோஸ்டிரோன் ஊசி போடச் சொல்கிறார்கள்.

மலைச்சாரல்:
ஊசி வேண்டவே வேண்டாம் தம்பி. வெளியிலிருந்து டெஸ்டோஸ்டிரோன் போனால் மூளைக்கு அடியில் உள்ள பிட்யூட்டரி சுரப்பி, விரையைத் தூண்டும் எல்.எச்., எஃப்.எஸ்.எச். ஹார்மோன்களைச் சுரப்பதைக் குறைத்துவிடும்; விரைக்குள் உற்பத்தி படுத்துவிடும். ரத்த ரிப்போர்ட் நன்றாக இருக்கும், விந்தில் ஒரு அணுகூட இல்லாமல் போகலாம். ஊசியை விட்ட பிறகு மீள 6 மாதம், சிலருக்கு வருஷத்துக்கு மேல்.

எடைக்குப் பெரிய பங்கு உண்டு. கொழுப்பில் உள்ள அரோமட்டேஸ் நொதி டெஸ்டோஸ்டிரோனை எஸ்ட்ரடயால் என்ற பெண் ஹார்மோனாக மாற்றும். அது மூளையில் எல்.எச். சுரப்பை அடக்கும். டெஸ்டோஸ்டிரோன் குறைந்தால் எல்.எச். ஏற வேண்டும். உங்களுக்கு ஏறவில்லை. இன்சுலின் கூடினால், ரத்தத்தில் டெஸ்டோஸ்டிரோனைச் சுமக்கும் புரதமான எஸ்.எச்.பி.ஜி. இறங்கும், அதனாலும் டெஸ்டோஸ்டிரோனின் மொத்த அளவு குறைவாகக் காட்டும். காலை 10 மணிக்குள், வெறும் வயிற்றில், இரண்டு தனி நாட்களில் திரும்பப் பாருங்கள். கூடவே எஸ்.எச்.பி.ஜி., எஸ்ட்ரடயால், புரோலாக்டின் (இன்னொரு பிட்யூட்டரி ஹார்மோன்), எஃப்.எஸ்.எச். பலத்த குறட்டை இருந்தால் டாக்டரிடம் மறைக்காதீர்கள். தூக்கத்தில் மூச்சு அடைப்பதும் டெஸ்டோஸ்டிரோனைக் குறைக்கும்.

லேப்_ஊட்டி:
சாம்பிள் எங்கே எடுத்தது?

குன்னூர்வாசி:
வீட்டில். முதலில் வந்தது கொஞ்சம் சிந்திவிட்டது. பைக்கில் ஊட்டிக்குக் கொண்டுபோனேன்.

லேப்_ஊட்டி:
அப்படியானால் அந்த 90 லட்சத்தை நம்ப முடியாது. அணுக்கள் அதிகம் இருப்பதே முதலில் வரும் பகுதியில்தான். குளிர் பட்டால் அசைவும் விழும். 2 முதல் 7 நாள் இடைவெளி விட்டு, லேபிலேயே கொடுங்கள். முடியாவிட்டால் டப்பாவைச் சட்டைக்குள் உடம்போடு ஒட்டி வைத்து ஒரு மணி நேரத்துக்குள் சேர்க்க வேண்டும். மே சீசன் நெரிசலில் அது நடக்காது. உலக சுகாதார நிறுவனத்தின் 2021 அளவுகோலில் கீழ் எல்லை: மில்லிக்கு 160 லட்சம், அசைவு 42 சதவீதம்.

தேயிலைமேடு:
முதல் இலக்கு 5 முதல் 10 கிலோ. நாளைக்கு ஐந்து டீ, ஒவ்வொன்றிலும் இரண்டு ஸ்பூன் சர்க்கரை என்றால் 40 கிராமுக்கு மேல், வர்க்கி தனிக்கணக்கு. அதில் கை வையுங்கள். அவரை, ராகி, முட்டை கூட்டுங்கள். வெந்நீர்த் தொட்டியில் ஊறுவதும், மின்போர்வையை இரவு முழுக்கப் போட்டுக்கொள்வதும் கூடாது. விரை உடம்பைவிட 2 முதல் 4 டிகிரி குளிராக இருக்க வேண்டும். வாளியில் வெந்நீர்க் குளியல் பரவாயில்லை.

அணு உருவாகவே 70 நாளுக்கு மேல் ஆகும். அதனால் எடை குறைத்த பலனை மூன்று மாதம் கழித்துத்தான் ரிப்போர்ட்டில் பார்க்க முடியும். அதுவரை சும்மா இருக்காமல் வெரிகோசீல் (விரைப்பை நரம்பு வீக்கம்) இருக்கிறதா என்று யூராலஜிஸ்டிடம் காட்டுங்கள். உங்கள் மனைவிக்கும் இப்போதே பரிசோதனை தொடங்கிவிடுங்கள்.