மறு: ‘ஃபிக்ஸ்டு பிளேடு’ கத்திக்குத் தமிழ்ச்சொல் – ‘உறைக்கத்தி’

அன்பர்களுக்கு வணக்கம்.

தற்காப்புக் கத்தி பற்றி நாம் மொழிபெயர்க்கும் கட்டுரையில் வரும் ‘ஃபிக்ஸ்டு பிளேடு’, அதாவது அலகு மடங்காத சின்னக் கத்திக்கு, இதுவரை வந்த சொற்கள்: நிலைக்கத்தி, மடியாக்கத்தி, சுரிகை, தற்காப்புக் கத்தி. நான்கையும் விட்டுவிட்டு ‘உறைக்கத்தி’ என்று வைக்கலாம் என்பது என் கருத்து.

நமக்குக் கத்தி என்றாலே மடங்காததுதான். ரப்பர் தோட்டத்தில் பால்வெட்டுக் கத்தி, அடுப்படியில் காய் நறுக்கும் கத்தி, பினாங்கு பாலிக் புலாவ் டுரியான் தோப்பில் இடுப்பில் தொங்கும் பாராங் என்ற வெட்டுக்கத்தி, எதுவும் மடங்காது. மடங்குவதற்குத்தான் பேனாக்கத்தி, மடக்குக்கத்தி என்று தனிப்பெயர் வைத்தோம். ஆகவே ‘நிலை’யும் ‘மடியா’வும் எல்லாக் கத்திக்கும் பொருந்திவிடும், இந்தச் சின்னக் கத்தியை மட்டும் பிரித்துக் காட்டாது. சுரிகை அழகான பழஞ்சொல், ஆனால் படிப்பவர் மனத்தில் போர்க்களம் வந்து நிற்கும்.

பிரித்துக் காட்டுவது உறைதான். இந்தக் கத்தியில் மடங்குவதற்கான அச்சும் இல்லை, பூட்டும் இல்லை. அழுத்தும்போது பூட்டு நழுவி அலகு விரலில் மடங்கும் என்ற பயம் கிடையாது. அலகின் எஃகு பிடியின் கடைசிவரை ஓடினால் இன்னும் உறுதி. ஆனால் அலகு எப்போதும் வெளியே நீட்டிக்கொண்டே இருப்பதால், உறை இல்லாமல் மூன்று அங்குலக் கத்தியைக்கூட உடம்போடு வைத்துக்கொள்ள முடியாது. விவரம் தெரிந்தவர்கள் கத்தியைப் பார்க்கிற அளவுக்கு உறையையும் பார்ப்பது அதனால்தான். கைடெக்ஸ் உறை என்பது சூடாக்கி, அந்தந்தக் கத்தியின் வடிவத்துக்கே அழுத்தி எடுத்த பிளாஸ்டிக். செருகினால் ‘டக்’ என்று கவ்வ வேண்டும். தலைகீழாகப் பிடித்து உதறினாலும் விழக்கூடாது. பெருவிரலால் உறையின் விளிம்பை உந்தி இழுத்தால் உடனே விட வேண்டும். தோல் உறை பார்க்க நன்றாகத்தான் இருக்கும். ஆனால் பினாங்குக் காற்றில் தோல் ஈரத்தை வாங்கி வைத்துக்கொள்ளும், கார்பன் எஃகு அலகு உறைக்குள்ளேயே துருப்பிடிக்கும்.

> மடக்குக்கத்திக்கும் இடுப்பு வாரில் மாட்டும் உறை வருகிறதே?

வருகிறது அக்கா. அதைக் கழற்றிப் போட்டாலும் மடக்குக்கத்தி சட்டைப்பையில் பத்திரமாகக் கிடக்கும். அதற்கு உறை ஒரு வசதி, அவ்வளவுதான். ‘பை’ என்றே சொல்லிவிடலாம்.

> கட்டுரை தற்காப்பைப் பற்றியது. பெயரில் அது வர வேண்டாமா?

வேண்டாம் ஐயா. இதை மட்டும் நான் விட்டுக்கொடுக்க மாட்டேன். மூலக் கட்டுரை அமெரிக்க வாசகர்களுக்கானது. அங்கேயே கத்திச் சட்டம் மாநிலத்துக்கு மாநிலம் மாறும். இங்கே மலேசியாவில் நமக்கு 1958ஆம் ஆண்டுச் சட்டம் இருக்கிறது, அரிக்கும் பொருள், வெடிபொருள், தாக்கும் ஆயுதங்கள் பற்றியது. சட்டம் ஏற்கும் காரணமில்லாமல் பொது இடத்தில் அப்படிப்பட்ட ஆயுதம் வைத்திருந்து குற்றம் உறுதியானால் 5 முதல் 10 ஆண்டு சிறை, கூடவே பிரம்படி. தோப்பில் வேலை செய்பவர் பாராங்குக்கு வேலையைக் காரணம் காட்டலாம். ‘தற்காப்புக்கு வைத்திருக்கிறேன்’ என்று போலீசிடம் சொல்கிறவர், ஆயுதமாகத்தான் வைத்திருக்கிறேன் என்று தன் வாயாலேயே சொன்னதாக ஆகிவிடும். இரவு வேலை முடிந்து கோலாலம்பூர் பிரிக்ஃபீல்ட்சில் தனியாக நடந்து போகும் நம் பிள்ளை ஒருத்தி, ‘தற்காப்புக் கத்தி’ என்று அச்சில் பார்த்துவிட்டு இது அனுமதி உள்ள பொருள் என்று நம்பி வாங்கினால் என்ன ஆகும்? பொருள் எப்படி இருக்கிறது என்பதைப் பெயர் சொன்னால் போதும். எதற்கு என்பதைக் கட்டுரை சொல்லட்டும்.

மற்ற உறுப்புகளுக்கு அலகு, பிடி, விரல்காப்பு ஆகியவை சரி. பிடிக்குள் போகும் எஃகுக்குக் ‘காம்பு’, கடைசிவரை ஓடினால் ‘முழுக்காம்பு’. ‘எவ்ரிடே கேரி’க்கு உடைவாள் போல ‘உடைக்கத்தி’ என்று ஒருவர் எழுதியிருந்தார். உடைவாள் இன்றைக்குப் புழக்கத்தில் இல்லாததால் ‘உடைந்த கத்தி’ என்றே படிப்பார்கள். ‘அன்றாடம் உடன்வைப்பது’ என்று நீட்டியே எழுதலாம்.

யாருக்கும் மறுப்பு இல்லையென்றால் ‘உறைக்கத்தி’யைப் பட்டியலில் சேர்த்துவிடுகிறேன். மொழிபெயர்ப்பவர் சட்டம் பற்றிய பத்தியைக் கடைசியில் அடிக்குறிப்பாகப் போடாமல், கத்தி தேர்வு தொடங்கும் முன்பே வைத்துவிடுங்கள்.

அன்புடன்,
பட்டர்வொர்த்திலிருந்து