வெண்கரடி எதற்கு, வாவி போதாதா?

கல்லடி டீச்சர்
எங்கள் பாடசாலைச் சுற்றாடல் கழகம் இந்தத் தவணை ஒரு கண்காட்சி வைக்கிறது. மொத்தம் பத்துப் பலகைகள். அவற்றில் நான்கை ஆர்க்டிக் பனிப்பகுதிக்கும் உயர்மலைகளுக்கும் ஒதுக்கியிருந்தேன். பெற்றோர் கூட்டத்தில் ஒருவர் எழுந்து, "மட்டக்களப்பு வாவி செத்துக்கொண்டிருக்கிறது, நீங்கள் வெண்கரடிப் படம் ஒட்டுகிறீர்கள்" என்றார். பலர் தலையாட்டினார்கள். அன்றிரவு எனக்குத் தூக்கம் வரவில்லை. ஆனாலும் நான்கு பலகைகளும் வேண்டும் என்றே நினைக்கிறேன். நீங்கள் என்ன சொல்கிறீர்கள்?

ஓந்தாச்சிமடத்தான்
அந்தப் பெற்றோர் சொன்னதில் ஒரு சொல்லும் பிழையில்லை, டீச்சர். வாவி 56 கிலோமீற்றர் நீளம். அதன் கரையில் எத்தனை இடத்தில் கண்ணா மரங்களை, அதாவது உவர்நீரில் வேரூன்றி நிற்கும் அலையாத்தி மரங்களை வெட்டி, மண் நிரப்பி, மதில் எழுப்பியிருக்கிறார்கள்? பிள்ளைகளைச் சைக்கிளில் அனுப்பி எண்ணச் சொல்லுங்கள். மீன் குஞ்சும் இறால் குஞ்சும் அந்த வேர்களுக்குள்தான் வளர்கின்றன. அந்த மரங்களை வெட்டியது நம் ஊர்க் கத்தி. முதலில் அதைப் படிக்கட்டும்.

கிழக்குக்கரை நானா
நானும் அதையே சொல்கிறேன். அம்பாறைக் கரையில் எங்கள் குடும்பத்துத் தென்னந்தோட்டம் கடலுக்குள் போய்விட்டது. துறைமுகத்துக்காகக் கடலுக்குள் அலை தடுக்கும் கல்லணை போட்டார்கள். கரையோரமாகத் தெற்கிலிருந்து வடக்கே நகர்ந்து வரும் மணல் அணையோடு நின்றுவிட்டது. மணல் வராத வடக்குப் பக்கத்தைக் கடல் தின்றது. முறையிடப் போன இடத்தில் "காலநிலை மாற்றம்" என்று இரண்டு சொல்லில் கோப்பை மூடிவிட்டார்கள். அந்த இரண்டு சொல்லைக் கேட்டாலே எனக்கு வயிறு எரிகிறது.

உள்ளான்
நானா, உங்கள் தோட்டத்துக்கு நடந்த அநியாயத்தை எந்தப் பனிப்பாறையின் தலையிலும் கட்டக் கூடாது. அதில் நான் உங்கள் பக்கம். ஆனால் ஆர்க்டிக் நமக்குத் தூரம் என்பதை ஏற்க மாட்டேன். நான் பல்கலைக்கழகத்தில் விலங்கியல் படிக்கிறேன், பறவைகளோடுதான் என் பொழுது போகிறது. மாரி காலத்தில் வாவியோரச் சேற்றுத் திட்டுகளில் ஓடியோடிக் கொத்தும் கொசு உள்ளானைப் பார்த்திருப்பீர்கள். உள்ளங்கைக்குள் அடங்கும் குருவி. அது முட்டையை உடைத்துக்கொண்டு வெளியே வந்த இடம் ஆர்க்டிக் வட்டத்துக்கு வடக்கே உள்ள துந்திரா என்ற மரமில்லாத பனிச் சமவெளி.

அங்கே கோடை என்பது சில வாரங்கள்தான். பனி உருகியதும் பூச்சிகள் கிளம்பும். குஞ்சு பொரிக்கும் நாளும் பூச்சி மலியும் நாளும் ஒத்துப்போக வேண்டும். பனி முந்தி உருகினால் குஞ்சு வெளியே வரும்போது விருந்து முடிந்திருக்கும். சைபீரியாவின் தைமிர் குடாநாட்டில் பிறக்கும் இன்னொரு உள்ளான் இனத்தில் இதை அளந்தே காட்டியிருக்கிறார்கள். 2016இல் முடிவு வெளியானது. பனி முந்தி உருகிய ஆண்டுகளில் பிறந்த குஞ்சுகளுக்கு உடல் சிறிது, அலகும் குட்டை. அவை மேற்கு ஆபிரிக்காவின் மொரிட்டானியாக் கரைக்குப் போய்ச் சேற்றில் அலகை இறக்கினால், ஆழத்தில் கிடக்கும் சிப்பி எட்டவில்லை. குட்டை அலகுள்ளவை குறைவாகவே பிழைத்தன. வெயில் நாட்டுக் கரையில் நடந்த அந்தச் சாவுக்குக் காரணம் பனி நாட்டில் இருந்தது.

ஓந்தாச்சிமடத்தான்
தங்கச்சி, இது எனக்குத் தெரியாத சங்கதி. வாசித்துவிட்டுக் கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தேன். ஆனாலும் கேட்கிறேன், சைபீரியாவின் பனியை நம் பிள்ளைகளால் பிடித்து நிறுத்த முடியுமா? சேற்றுத் திட்டில் குப்பை கொட்டுவதை நிறுத்த முடியும். கை எட்டுகிற வேலையை முதலில் கற்பிக்க வேண்டும்.

வந்தாறுமூலை இளையவன்
வட துருவப் பனி உருகிக் கடல் பொங்கி மட்டக்களப்பு மூழ்கப் போகிறது. அதை ஒரு பலகையில் பெரிதாக எழுதினால் எல்லோரும் வாயடைத்துப் போவார்கள், டீச்சர்.

கல்லடி டீச்சர்
தம்பி, அப்படி எழுத மாட்டேன். துருவக் கடலில் மிதக்கும் பனி உருகினால் கடல் மட்டம் உயர்வதில்லை என்றே சொல்லலாம். கிளாஸில் மிதக்கும் ஐஸ் உருகித் தண்ணீர் வழிவதில்லையே. மிதக்கும் பனியின் கதை வேறு. வெள்ளையாக இருக்கும்வரை அது வெயிலைத் திருப்பி அனுப்புகிறது. அது போனதும் கீழே உள்ள கரிய கடல்நீர் வெயிலை விழுங்குகிறது, இன்னும் பனி உருகுகிறது. 1979 முதல் ஆர்க்டிக் பகுதி உலகச் சராசரியைவிட ஏறக்குறைய நான்கு மடங்கு வேகத்தில் சூடேறியதற்கு இதுவும் ஒரு காரணம்.

பனியில் கடலை உயர்த்துவது நிலத்தின் மேல் கிடப்பதுதான். கிரீன்லாந்து 2002க்குப் பிறகு ஆண்டுக்குச் சராசரியாக 270 பில்லியன் தொன் அளவில் பனியை இழந்திருக்கிறது. இதில் என்னை மிகவும் உலுக்கிய ஒன்று உண்டு. அந்தப் பெரும் பனித்திணிவு தன் ஈர்ப்பினால் சுற்றியுள்ள கடல் நீரைத் தன் பக்கம் இழுத்து வைத்திருக்கிறது. பனி குறையக் குறைய அந்தப் பிடி தளர்கிறது. அதனால் கிரீன்லாந்துக் கரையருகே கடல் தாழ்கிறது, தொலைவிலுள்ள நம் போன்ற வெப்பமண்டலக் கரைகளில் சராசரியைவிடச் சற்றுக் கூடுதலாக உயர்கிறது. எட்டத்தில் இருப்பதால் தப்பிவிடலாம் என்பது இங்கே செல்லாது.

பட்டிக்காரன் மகன்
எனக்குப் பலகைக் கணக்குத் தெரியாது. எங்களுக்கு மாட்டுப் பட்டி இருக்கிறது. சைபீரியாவின் யமால் குடாநாட்டில் 2013 நவம்பரில் பனியின் மேல் மழை பெய்து, பிறகு உறைந்து இறுகியது. கீழே மேய்ச்சல் இருந்தது, மேலே கண்ணாடி போல ஐஸ். 61,000 கலைமான்கள் பட்டினியால் செத்தன. மட்டக்களப்பை அடித்த 1978 நவம்பர் 23ஆம் திகதிச் சூறாவளிக்குப் பிறகு செத்த மாடுகளுக்கு நடுவே நின்றதை என் அப்பா இன்றும் குரல் உடையாமல் சொல்வதில்லை. அந்தக் கலைமான் இடையர்கள் எனக்கு அந்நியர் இல்லை. அவர்களுக்கு ஒரு பலகை கொடுங்கள், டீச்சர்.

உள்ளான்
மலைப் பலகையையும் எடுத்துவிட வேண்டாம், டீச்சர். ஐரோப்பாவில் 302 மலையுச்சிகளின் தாவரக் கணக்கை 145 ஆண்டுப் பதிவுகளோடு ஒப்பிட்டு 2018இல் வெளியிட்டார்கள். கீழ்ச்சரிவுச் செடிகள் மேலே ஏறிக்கொண்டிருக்கின்றன, அந்த வேகமும் கூடியிருக்கிறது. உச்சியில் ஏற்கனவே இருக்கும் செடிக்கு ஏறுவதற்கு அதற்கு மேல் மலை இல்லை. நம் நாட்டின் மிக உயர்ந்த மலையான பிதுருதலாகலையும் 2,524 மீற்றரோடு முடிந்துவிடுகிறது.

கிழக்குக்கரை நானா
டீச்சர் எழுதியதை இரண்டு தரம் வாசித்தேன். 1900இலிருந்து உலகக் கடல் மட்டம் ஏறக்குறைய 20 சென்ரிமீற்றர் உயர்ந்திருக்கிறது என்கிறார்கள். எங்கள் கரையில் கடல் உள்ளே வந்தது மீற்றர் கணக்கில், சில வருடங்களில். இரண்டையும் பக்கத்துப் பக்கத்துப் பலகையில் போடுங்கள். கிரீன்லாந்து ஒன்றில், கல்லணை மற்றதில். எது எவ்வளவு தின்றது என்று பிள்ளை தன் கண்ணால் பார்க்கட்டும். அப்படிப் பார்த்த பிள்ளையை நாளைக்கு எந்தக் கூட்டத்திலும் இரண்டு சொல் சொல்லி அனுப்பிவிட முடியாது. அப்படியானால் நான்கு பலகைக்கும் எனக்குச் சம்மதம்.

ஓந்தாச்சிமடத்தான்
நான் இன்னும் இரண்டு பலகை போதும் என்றுதான் சொல்வேன். ஆனால் உள்ளான் தங்கச்சி வருகிற சனிக்கிழமை பிள்ளைகளோடு பாலமீன்மடுப் பக்கம் பறவை எண்ண வருவதானால், என் தோணி இருக்கிறது. போகிற வழியில் வெட்டிய கண்ணாக் கட்டைகளையும் எண்ண வேண்டும்.

கல்லடி டீச்சர்
இரண்டையும் எண்ணுவோம், அண்ணன். காலை ஆறு மணிக்கு வருகிறோம்.